பதவிக்கு எல்லை: நம் பட்டியலிலிருந்தே தொடங்குவோம்

வெள்ளவத்தைத் தோழர்களே, கொட்டாஞ்சேனைத் தோழர்களே!

மாகாண சபைத் தேர்தலைப் பற்றியும் புதிய அரசியலமைப்பைப் பற்றியும் பேச்சு நடக்கும் இந்த நேரத்தில் நாம் ஒரே ஒரு கோரிக்கையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டியிருக்கிறது. மாநகர சபையில் இரண்டு தவணை, பாராளுமன்றத்தில் மூன்று தவணை. அதற்கு மேல் யாருக்கும் ஆசனம் இல்லை. தேசியப் பட்டியலில் இருந்த காலமும் இந்தக் கணக்கில் சேரும். இதை அரசியலமைப்பில் எழுது என்று அரசாங்கத்திடம் கேட்போம். எழுதும்வரை காத்திருக்காமல் நம்முடைய வேட்பாளர் பட்டியலில் இன்றைக்கே நடைமுறைப்படுத்துவோம்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்கிறீர்கள். வேட்புமனுத் திகதி அறிவிக்கப்பட்ட பிறகு எந்தக் கட்சிக்குள்ளும் கொள்கை பேச முடியாது. அப்போது யார் வெல்லுவார், யாரிடம் பணம் இருக்கிறது, யாருடைய பெயர் சனத்துக்குத் தெரியும் என்ற மூன்று கேள்விகள்தான் மேசையில் இருக்கும். அந்த மூன்றுக்கும் பதில் எப்போதும் பழைய முகம்தான். பேச வேண்டியதைப் பேச இப்போதுதான் நேரம்.

இந்த நாட்டில் பதவிக்கால எல்லை என்பது புதிய யோசனை அல்ல. 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பே ஜனாதிபதிக்கு இரண்டு தவணை என்று எழுதி வைத்தது. 2010 செப்டெம்பரில் 18-ஆம் திருத்தம் அந்த எல்லையை நீக்கியது. ஆதரவாக 161 பேர் வாக்களித்தார்கள். 2015 ஏப்ரல் 28 அன்று 19-ஆம் திருத்தம் அதே எல்லையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்கு ஆதரவு 215. இரண்டு வாக்கெடுப்பும் ஒரே பாராளுமன்றத்தில் நடந்தவை, தோழர்களே. 2010-இல் நாம் தெரிவுசெய்து அனுப்பிய சபைதான் எல்லையை எடுத்தது, அந்தச் சபைதான் எல்லையைப் போட்டது. நீக்கக் கை உயர்த்தியவர்களில் பெரும்பாலானோர் ஐந்து வருடம் கழித்து மீட்கவும் கை உயர்த்தினார்கள். ஆளைப் பார்த்து வாக்களித்தார்களே தவிர, கொள்கையைப் பார்த்து வாக்களிக்கவில்லை. ஜனாதிபதிக்கு எத்தனை தவணை என்று இவ்வளவு பேசிய அந்த 225 பேர், தங்களுக்கு எத்தனை தவணை என்பதைச் சட்டமாக்க முன்வரவே இல்லை.

எழுதி வைத்த எல்லைக்கு ஒரு பலன் உண்டு. 2018 ஜனவரியில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் பதவிக்காலம் ஆறு வருடமா ஐந்து வருடமா என்று உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். ஐந்து என்று நீதிமன்றம் பதில் சொன்னது. சட்டத்தில் வரி இருந்ததால் அந்தப் பதிலுக்கு இடம் இருந்தது. நாற்பது வருடம் ஆசனத்தில் இருக்கும் உறுப்பினரைப் பற்றி யாராவது நீதிமன்றம் போனால், எடுத்துக்காட்ட ஒரு வரிகூட இல்லை.

ஆசனத்தில் இருப்பவர்கள் தங்கள் காலத்தைத் தாங்களே நீட்டினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இருந்தாலும் இளைய தோழர்களுக்காக அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் அது இரண்டு வரியோடு முடிந்துவிடும்.

1970-இல் தெரிவான சபை, 1972 அரசியலமைப்பைக் காரணம் காட்டி 1975-இல் முடிய வேண்டிய தன் காலத்தை 1977 வரை இழுத்தது. அது முதல் பிழை. அதைக் கண்டித்து 1977 ஜூலையில் பெரும் வெற்றியோடு வந்தவர்கள் அதைவிடப் பெரிய பிழை செய்தார்கள். 1982 டிசெம்பர் 22 அன்று பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பு. விளக்குச் சின்னத்துக்கு வாக்களித்தால் இருக்கும் பாராளுமன்றம் இன்னும் ஆறு வருடம் தொடரும். குடத்துக்கு வாக்களித்தால் தேர்தல் வரும். அதற்கு முன்பே ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்திருந்தார். ஏறத்தாழ 31 இலட்சம் வாக்குகள் விளக்குக்கு, 26 இலட்சம் குடத்துக்கு. விளக்கு வென்றது. 1977-இல் ஆறு வயதாக இருந்த பிள்ளை, 1989 பெப்ரவரியில் அடுத்த பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்களிக்கும் வயதுக்கு வந்திருந்தது.

அந்த நீட்டிய காலத்தின் முதல் நாட்களைப் பாருங்கள். 1977 ஓகஸ்ட் 4 அன்று கூடிய சபையின் ஆறு வருடம் 1983 ஓகஸ்ட் 4 உடன் முடிய வேண்டியது. ஜூலைக் கலவரம் அப்போதுதான் கொழும்பைத் தின்று முடித்திருந்தது. காலி வீதியில் எரிந்த கடைகள் அப்படியே கரியாக நின்றன. நம் பெற்றோர் இரத்மலானையிலும் பம்பலப்பிட்டியிலும் அகதி முகாம்களில் தரையில் படுத்திருந்தார்கள். சாதாரணமாக அது தேர்தல் காலமாக இருந்திருக்கும். ஆட்சியில் இருந்தவர்கள் எரிந்த வீடுகளுக்கு முன்னால் வந்து நின்று வாக்குக் கேட்க வேண்டியிருந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. முடிந்திருக்க வேண்டிய அந்தச் சபை ஆறாம் திருத்தத்தை நிறைவேற்றியது. ஓகஸ்ட் 8 அன்று அது சட்டமானது. தனிநாட்டுக்கு எதிராகச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். தன் காலத்தைத் தானே நீட்டிக்கொண்ட சபை, மக்கள் முறைப்படி அனுப்பியவர்களை வெளியே போட்டது. 1987 நவம்பரில் மாகாண சபைகளை உருவாக்கிய 13-ஆம் திருத்தத்தையும் நிறைவேற்றியது அதே சபைதான்.

அந்த 13-ஆம் திருத்தம் தந்த சபைகளின் நிலையும் உங்களுக்குத் தெரியும். மேல் மாகாண சபைக்கு 2014 மார்ச்சுக்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. 2017-இல் தேர்தல் சட்டத்தை மாற்றினார்கள். 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல், ஒன்பது மாகாணங்களும் ஆளுநர்களின் கையில் விடப்பட்டன. மாநகர சபைக்கும் அதே கதிதான். 2018-இல் தெரிவான கொழும்பு மாநகர சபையின் காலத்தை ஒரு வருடம் நீட்டினார்கள். 2023 மார்ச் 9 அன்று நடக்க வேண்டிய தேர்தலுக்குத் திறைசேரியில் பணம் இல்லை என்றார்கள். 2024 ஓகஸ்ட் 22 அன்று உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. வாக்களிப்பு 2025 மே 6 அன்றுதான் நடந்தது.

நடுவில் போன அந்த இரண்டு வருடத்தை ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே இறங்கும் தோட்டங்களில் இருப்பவர்களிடம் கேளுங்கள். பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய். மழை பெய்தால் வடிகான் நீர் வாசற்படி தாண்டி அடுப்படிக்கு வரும். முறைப்பாட்டோடு போனால் வட்டார உறுப்பினரின் கடிதம் கேட்பார்கள். உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாத காலம் அது. பழைய உறுப்பினரின் வீட்டு வாசலில் போய் நின்று, அவருக்கு இனி அதிகாரம் இல்லை என்று தெரிந்தும் கடிதம் வாங்கி வந்த அக்காமாரை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். மேலே ஒருவர் ஆசனத்தில் ஒட்டிக்கொள்வதும் கீழே மக்களுக்குத் தேர்தல் இல்லாமல் போவதும் ஒரே நோய், தோழர்களே. தங்கள் காலம் முடியும் என்ற எண்ணமே இல்லாதவர்களுக்கு அடுத்தவரின் தேர்தலைத் தள்ளிப்போடுவது பெரிய காரியமாகத் தெரியாது.

இனி நமக்குள்ளேயே எழும் மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சொல்பவர்கள் நம் மூத்த தோழர்கள்.

வாக்குச் சீட்டே போதும், மக்களுக்குப் பிடிக்காவிட்டால் தோற்கடிப்பார்கள் என்று ஒரு வாதம். 2024 நவம்பர் 14 அன்று அப்படித்தானே நடந்தது, பழையவர்கள் பலர் போட்டியிடவே துணியவில்லை, வந்தவர்களில் பெரும்பான்மையோர் புதியவர்கள் என்கிறார்கள். உண்மைதான். அதற்கு எவ்வளவு விலை கொடுத்தோம்? எரிவாயு வரிசையிலும் எண்ணெய் வரிசையிலும் நாட்கணக்கில் நின்று, நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்து, 2022-இல் சனம் வீதிக்கு இறங்கிய பிறகு அது நடந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாடு ஒரு தடவை வங்குரோத்தாக வேண்டுமா? சாதாரண தேர்தலில் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். கட்சிக்கு ஒரு வாக்கு, அதற்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. அந்த மூன்று பேரையும் நாம் தேர்வது, நியமனக் குழு முன்கூட்டியே தேர்ந்து வைத்த பட்டியலிலிருந்து. அந்தக் குழுவில் இருப்பவர்களும் பழைய உறுப்பினர்கள்தான். மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்டி இலக்கத்தை மனதில் பதிய வைக்கப் பணம் வேண்டும். ஒரு தோட்டத்துத் தாய் எப்படி அந்தப் போட்டிக்குள் இறங்குவாள்?

தோற்கடித்தாலும் போகாதவர்கள் இருக்கிறார்கள். 1977-இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் போன ரணில் விக்கிரமசிங்கவை 2020-இல் கொழும்பு மாவட்ட வாக்காளர் அனுப்பவில்லை. அவருடைய கட்சிக்கு மாவட்டங்களில் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 2021 ஜூனில் ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனத்தில் உள்ளே வந்தார். 2022 ஜூலையில் 134 உறுப்பினர்களின் வாக்கில் ஜனாதிபதியானார். மக்கள் போதும் என்று சொல்லியிருந்தும் முறை வேண்டும் என்றது. தேசியப் பட்டியல் இருக்கும்வரை வாக்குச் சீட்டு மட்டும் போதும் என்ற வாதம் நிற்காது.

அடுத்த வாதம் கனமானது. தமிழர் எண்ணிக்கையில் சிறியவர்கள், அனுபவம் உள்ள நாலைந்து குரல்கள்தான் நமக்குப் பாதுகாப்பு, அவற்றையும் நாமே வெட்டிவிடுவதா என்று கேட்கிறார்கள். நம் தலைவர்களுக்குத் துப்பாக்கி ஏற்கெனவே எல்லை விதித்தது போதாதா என்று ஒரு மூத்த தோழர் கேட்டபோது கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. 1989 ஜூலை 13 அன்று அமிர்தலிங்கம், 1999 ஜூலை 29 அன்று நீலன் திருச்செல்வம், 2006 நவம்பர் 10 அன்று ரவிராஜ். மூவரும் இந்தக் கொழும்பில் கொல்லப்பட்டார்கள். 2008 புத்தாண்டு அன்று மகேஸ்வரன் கும்பிடப் போன இடத்தில், நம் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் சுடப்பட்டார். அந்த இரத்தத்துக்கு முன்னால் குரலை உயர்த்திப் பேச எனக்கும் மனம் வராது.

ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தச் சாவுகள் நமக்குக் காட்டியது இதைத்தான்: ஒரு சமூகத்தின் அரசியல் அறிவு முழுவதையும் நாலைந்து மனிதர்களின் தலையில் ஏற்றி வைத்தால், அவர்கள் போகும்போது எல்லாம் போய்விடும். நீலன் போனபோது அரசியலமைப்பு வரைவின் நுணுக்கம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் நம்மிடம் மிஞ்சினார்கள்? வயதும் துப்பாக்கியைப் போல நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. 1977-இல் முதலில் தெரிவான சம்பந்தன் ஐயா 2024 ஜூன் 30 அன்று, 91 வயதில், பாராளுமன்ற உறுப்பினராகவே காலமானார். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் அவருடைய தமிழரசுக் கட்சி தலைவரைத் தெரிவுசெய்தபோது விவகாரம் நீதிமன்றப் படியேறியது. அடுத்த வரிசையை உரிய காலத்தில் வளர்க்காத கட்சிக்கு வேறு என்ன நடக்கும்?

அனுபவமுள்ளவர் ஆசனத்தைவிட்டுப் போகலாம், அரசியலைவிட்டுப் போகத் தேவையில்லை. அவர் சட்டம் சொல்லிக் கொடுக்கட்டும். குழுநிலை விவாதத்தில் எப்படிக் கேள்வி போடுவது, வரவு செலவுத் திட்டத்தை எப்படி வாசிப்பது என்று புதியவருக்குப் பக்கத்தில் இருந்து காட்டட்டும். 2007 ஜூன் 7 விடியலை நினைத்துப் பாருங்கள். வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியிருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் எழுப்பிப் பேருந்துகளில் ஏற்றிக் கொழும்பைவிட்டு வெளியேற்றினார்கள். மறுநாளே அதை நிறுத்தியது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளையும். அன்று நம்மைக் காத்தவர்கள் ஆசனத்தில் இருக்கவில்லை. பாதுகாப்பு ஆசனத்தில் மட்டும் இல்லை என்று அன்றே கண்டோம்.

எல்லை போட்டவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வெளியே செய்து பார்த்தவர்கள் பட்ட அடியையும் தெரிந்துகொண்டு போங்கள். மெக்சிக்கோ 1933-இல் உறுப்பினர்கள் தொடர்ந்து மறுபடி தெரிவாவதைத் தடை செய்தது. ஆனால் ஒரே கட்சி 1929-இலிருந்து 2000 வரை அந்த நாட்டை ஆண்டது. உறுப்பினருக்கு அடுத்த பதவி மக்களிடமிருந்து வராமல் கட்சித் தலைமையிடமிருந்து வந்ததால், அவர்கள் தலைமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் நம் கோரிக்கை கட்சித் தலைவருக்கும் நியமனக் குழுவுக்கும் சேர்த்தே பொருந்த வேண்டும் என்கிறேன். பிலிப்பைன்ஸ் 1987 அரசியலமைப்பில் கீழ்ச்சபைக்குத் தொடர்ச்சியாக மூன்று தவணை என்று எழுதியது. மூன்று முடிந்ததும் மனைவி, பிறகு மகன், பிறகு மறுபடி அவரே என்று குடும்பங்கள் ஆசனத்தைக் கைமாற்றிக்கொண்டன. ராஜபக்ஷ குடும்பத்தைக் கண்ட நாட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனவே கணக்கு வாழ்நாள் கணக்காக இருக்க வேண்டும். விலகுபவரின் இடத்துக்கு அவருடைய துணையோ பிள்ளையோ சகோதரரோ உடனே வரக் கூடாது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் சோழர் காலத்துச் சபை இதைத் தொட்டிருக்கிறது: வாரியத்தில் இருந்தவர் மூன்று வருடம் கழியாமல் மறுபடி வரக் கூடாது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இல்லாதவர்கள். நிலம் உள்ள பிராமணர்களுக்கு மட்டுமான சபை அது, நமக்கு முன்மாதிரி அல்ல. ஆனாலும் உறவினர் வழியாக ஆசனம் கைமாறும் என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

கலிபோர்னியா 1990-இல் கீழவைக்கு ஆறு வருடம், மேலவைக்கு எட்டு வருடம் என்று மிகக் குறுகிய எல்லை போட்டது. வேலை பிடிபடுவதற்குள் ஆள் போக வேண்டியிருந்தது. 2012-இல் மொத்தம் 12 வருடம், அதை ஒரே அவையிலும் கழிக்கலாம் என்று மாற்றினார்கள். நாம் பாராளுமன்றத்துக்கு ஒன்று இரண்டு என்று கேட்காமல் மூன்று தவணை, அதாவது 15 வருடம் கேட்பது இதனால்தான். ஒரு மனிதர் கற்று, செய்து, கற்றுக்கொடுத்துவிட்டுப் போக 15 வருடம் தாராளம்.

கட்சிக்குள்ளேயே முதலில் தொடங்கலாமா என்று சந்தேகப்படுபவர்களுக்குக் கேரளத்தைக் காட்டுங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி இரண்டு முறை தொடர்ந்து இருந்தவர்களுக்கு இடம் இல்லை என்றது. நிதி அமைச்சர் தோமஸ் ஐசக் உட்பட ஐந்து அமைச்சர்கள் போட்டியிடவில்லை. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, கட்சி முடிவு மட்டும்தான். அந்தத் தேர்தலில் இடது முன்னணி 140-இல் 99 இடங்களை வென்றது. வெல்லக்கூடிய முகங்களை இழந்தால் தோற்றுவிடுவோம் என்று இங்கே பயப்படும் தோழர்கள் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

நமக்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்ற சட்டம் வந்து 2018-இல் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பெண் உறுப்பினரைக் கண்டிராத சபைகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள். சட்டம் இடம் ஒதுக்கியபோது ஆட்கள் வந்தார்கள். பெண்கள் இல்லை, படித்தவர்கள் இல்லை, இளைஞருக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாதம் அன்றோடு செத்தது. ஆசனம் காலியானால் கொட்டாஞ்சேனையில் அதில் உட்கார ஆள் உண்டு. வெள்ளவத்தையிலும் உண்டு.

இனி வேலை. வெள்ளவத்தைத் தோழர்கள் இராமகிருஷ்ண வீதியிலிருந்து தொடங்கி ஒழுங்கை ஒழுங்கையாகத் தொடர்மாடிகளுக்குப் போங்கள். காவலாளி தடுத்தால் முகாமைத்துவக் குழுவிடம் அனுமதி வாங்கிப் போங்கள், சண்டை பிடிக்காதீர்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு போனால்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். கொட்டாஞ்சேனைத் தோழர்கள் ஞாயிறு காலையில் தோட்டங்களுக்குப் போங்கள், குழாயடியில் நின்றே பேசுங்கள், கையொப்பம் வாங்கும் கோரிக்கைத் தாளைச் சிங்களத்திலும் கொண்டுபோங்கள். இது தமிழருக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. பக்கத்து வீட்டுச் சிங்களத் தாய்க்கும் முஸ்லிம் வியாபாரிக்கும் இதே வடிகான்தான், இதே உறுப்பினர்தான்.

மூத்த தோழர்களே, இரண்டு தவணை முடித்த உறுப்பினர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கோரிக்கைத் தாளில் முதல் கையொப்பத்தை நீங்கள் போடுங்கள். நாங்கள் உங்களைத் துரத்தி வந்ததாக யாரும் சொல்லக் கூடாது.

மற்ற எல்லோரும் உங்கள் பகுதி உறுப்பினரை இந்த மாதம் முடிவதற்குள் நேரில் போய்ப் பாருங்கள். அடுத்த தடவை நிற்பீர்களா, இது எத்தனையாவது தவணை, விலகினால் உங்கள் இடத்துக்கு யார் என்று கேளுங்கள். வாயால் சொன்ன பதிலோடு திரும்பி வராதீர்கள். எழுத்தில் வாங்கி, வேட்புமனுத் திகதி அறிவிக்கப்படும் முன் கொண்டு வந்து சேருங்கள்.